மழைக்கு முன் கடலைப் பாருங்கள்: வானிலை படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிப் புத்தகத்தில் இருந்த நீர்ச் சுழற்சிப் படம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலிலிருந்து மேலே போகும் அம்புக்குறி, ஒரு மேகம், மலை மேல் மழை, கீழே ஆறு, மறுபடியும் கடல். அந்தப் படத்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக்கு மழை வருமா என்று யோசித்துப் பாருங்கள், ஒன்றும் பிடிபடாது. அந்தப் படத்தில் நீர் மட்டும்தான் சுற்றுகிறது. வெப்பத்தைக் காணோம்.

உண்மையில் நீராவி வெறுங்கையோடு கடலை விட்டுக் கிளம்புவதில்லை. கடல் வாங்கி வைத்திருக்கும் வெயிலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறது. பல நூறு கிலோமீட்டர் தள்ளி, சில கிலோமீட்டர் உயரத்தில் மேகமாக மாறும்போது அந்தப் பங்கை அங்கே இறக்கி வைக்கிறது. மேகம் வளர்வதும் புயல் சுழல்வதும் பெரும்பாலும் இந்த ஏற்றி இறக்கும் வேலையால்தான். ஆகவே எந்த வானிலையைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வெப்பம் எங்கே ஏறியது, எங்கே இறங்கப்போகிறது?

இதைக் கற்றுக்கொள்ள வானிலையியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு வெப்பமானி, சமையலறைத் தராசு, நோட்டுப் புத்தகம், இணையம் உள்ள கைபேசி, இரண்டு மூன்று மாதப் பொறுமை, இவை போதும். கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள். முதல் இரண்டும் சின்னப் பிள்ளைகள் வேலை போலத் தெரியும். அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள், பின்னால் வருவதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

1. ஒரு தட்டுத் தண்ணீரை எடை போடுங்கள்

ஒரே மாதிரியான இரண்டு தட்டுகளில் 200 கிராம் வீதம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றை மின்விசிறிக்குக் கீழேயும் இன்னொன்றைக் காற்று படாத மூலையிலும் வையுங்கள். மணிக்கு ஒரு தடவை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஒரு தட்டில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிச் செய்யுங்கள். அப்புறம் நல்ல மழை நாள் ஒன்றில் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அன்றைக்குத் தட்டின் எடை கொஞ்சம்கூட அசையாதது போல இருக்கும்.

நீர் எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவுசெய்வது உங்கள் குறிப்பிலேயே தெரிந்துவிடும்: நீரின் சூடு, மேலே வீசும் காற்றின் வேகம், அந்தக் காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்பது. கடலுக்கும் இதே மூன்றுதான். இதிலிருந்து எதிர்பாராத ஒன்று வெளிப்படுகிறது. கடல் மிக வேகமாக ஆவியாகும் இடம் எது என்று கேட்டால், வெயில் கொளுத்தும் நிலநடுக்கோட்டுக் கடல் என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். அப்படி இல்லை. குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வறண்ட குளிர்காற்று புறப்பட்டு, அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் ஓடும் கல்ஃப் நீரோட்டம், ஜப்பான் கரையோரம் ஓடும் குரோஷியோ நீரோட்டம் ஆகியவற்றின் சூடான நீர் மேல் பாயும்போதுதான் ஆவியாதல் உச்சத்துக்குப் போகிறது. நீர் சூடு, காற்று வேகம், காற்றின் வறட்சி மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன.

நீங்கள் செய்த தட்டுச் சோதனைக்கு வயது முந்நூறுக்கு மேல். வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி, ஒரு பாத்திரத்தில் உப்பு நீரை எடுத்து, கோடைக் காற்றின் அளவுக்குச் சூடாக்கி, எடை எவ்வளவு குறைகிறது என்று தராசில் பார்த்தார். 1687-இல் அந்தக் கணக்கை வெளியிட்டார். மத்தியதரைக் கடல் ஒரு நாளில் இழக்கும் நீர், ஆறுகள் அதற்குக் கொண்டுவருவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அவருக்குத் தெரியவந்தது. இவ்வளவு ஆறுகள் வந்து விழுந்தும் கடல் ஏன் நிரம்பி வழிவதில்லை என்ற பழைய கேள்விக்குத் தராசு ஒன்று பதில் சொன்னது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

2. வெப்பம் ஒளிந்துகொள்ளும் இடத்தைப் பாருங்கள்

அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வையுங்கள். தீயை மாற்றாமல், கொதி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். கொதித்த பிறகு கால் பங்கு வற்ற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் பாருங்கள். முழுவதும் வற்ற விட வேண்டாம், பாத்திரம் கெட்டுப்போகும். 30 டிகிரியில் இருக்கும் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைவிட, அதே நீரை முழுவதும் ஆவியாக்க ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொண்டும் நீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. வாங்கிய வெப்பம் முழுவதும் ஆவிக்குள் ஒளிந்துகொள்கிறது. பாடப் புத்தகம் இதை உள்ளுறை வெப்பம் என்று சொல்லும்.

ஆவியாகக் கொதிக்க வேண்டும் என்பதும் இல்லை. வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈரப் பஞ்சை வைத்து மின்விசிறிக்கு முன்னால் பிடியுங்கள். சில நிமிடங்களில் பல டிகிரி இறங்கும். பஞ்சிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு துளி ஆவியும் வெப்பமானியிடமிருந்து வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. கடலின் மேற்பரப்பில் நடப்பதும் இதுவே.

பறிபோன வெப்பம் திரும்பி வரும் இடம் மேகம். ஆவி மறுபடியும் துளியாகும்போது, வாங்கியதை அப்படியே சுற்றியுள்ள காற்றிடம் கொடுத்துவிடுகிறது. எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 மி.மீ. மழை பெய்தால் 1 கோடி லிட்டர். அந்த நீர் ஆவியிலிருந்து துளியாக மாறியபோது காற்றில் இறக்கிய வெப்பம், மின்சாரக் கணக்கில் சொன்னால், சுமார் 70 லட்சம் யூனிட். சாதாரண மழை ஒன்று, ஒரே ஒரு சதுர கிலோமீட்டர், அதற்கே இவ்வளவு. இடிமேகம் ஏன் அவ்வளவு ஆவேசமாக மேலே எழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்னொரு கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். இந்த நொடியில் காற்றில் இருக்கும் நீராவி மொத்தமும் மழையாகக் கொட்டி, பூமி முழுவதும் சமமாகப் பரவினால், சுமார் 25 மி.மீ. உயரம்தான் நிற்கும். ஆனால் பூமியின் ஆண்டு சராசரி மழை ஏறத்தாழ 1,000 மி.மீ. அப்படியென்றால் காற்றிலுள்ள நீர் வருடத்துக்கு நாற்பது முறை காலியாகி, நாற்பது முறை நிரம்புகிறது. சராசரியாக 9 நாளுக்கு ஒரு தடவை. நிரப்புவது யார்? பெரும்பாலும் கடல்தான். பூமிப் பரப்பில் 71 சதவீதம் கடல். காற்றுக்குப் போகும் ஆவியில் 85 சதவீதத்துக்கு மேல் அங்கிருந்தே வருகிறது. 9 நாள் என்ற எண்ணை மறக்காமல் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

3. ஈரப்பதச் சதவீதத்தை விட்டுவிட்டு பனிப்புள்ளியைக் குறியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. வானிலைச் செயலியைத் திறந்தால் ஈரப்பதம் 94 சதவீதம் என்று காட்டும். காலையில் அப்படிக் காட்டியதே மதியம் 53 சதவீதம் என்று காட்டும். காற்று காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் காற்றில் இருந்த நீர் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 0 டிகிரியில் சுமார் 5 கிராம், 10 டிகிரியில் 9 கிராம், 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம் நீராவி இருக்க முடியும். பத்து டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. சதவீதம் சொல்வது, அந்தச் சூட்டில் இருக்கக்கூடியதில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை மட்டுமே. காலையில் 24 டிகிரியில் 94 சதவீதமாக இருந்த அதே நீர், மதியம் 34 டிகிரி ஆனதும் 53 சதவீதமாகத் தெரிகிறது. மாறியது நீர் அல்ல, சூடு.

நமக்கு வேண்டியது நீரின் அளவு. அதைச் சொல்வது பனிப்புள்ளி. செயலிகளில் டியூ பாயிண்ட் என்று இருக்கும். காற்றை எந்த டிகிரி வரை குளிரவைத்தால் அதிலுள்ள ஆவி துளியாகத் தொடங்குமோ அந்த டிகிரிதான் பனிப்புள்ளி. மேலே சொன்ன நாளில் காலை, மதியம் இரண்டு வேளையும் பனிப்புள்ளி 23 டிகிரி. எண் அசையவில்லை, நீரும் மாறவில்லை. செயலியை நம்பாமல் கண்ணால் பார்க்க வேண்டுமா? பளபளப்பான உலோகக் குவளையில் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை உள்ளே வைத்து, பனிக்கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். குவளையின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் நொடியில் வெப்பமானி காட்டுவதுதான் அன்றைய பனிப்புள்ளி.

இனி தினமும் காலை 8 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் மூன்றே மூன்று விவரம் எழுதுங்கள்: வெப்பநிலை, பனிப்புள்ளி, காற்று வரும் திசை. ஒரு மாதம் விடாமல் எழுதினால் சில விஷயங்கள் தாமாகவே கண்ணில் படும். பனிப்புள்ளி 10 டிகிரிக்குக் கீழே போனால் உதடு வெடிக்கும், துணி நொடியில் காயும். 20-ஐத் தாண்டினால் புழுக்கம் தொடங்கும். 24-ஐத் தாண்டினால் வியர்வை உடம்பிலேயே நிற்கும். மிக முக்கியமாக, காற்றின் திசை மாறும் நாளில் பனிப்புள்ளி திடீரென்று ஐந்து, ஆறு டிகிரி தாவும். உலக வரைபடத்தில் அந்தத் திசையில் விரலை நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் விரல் ஒரு கடலில் போய் நிற்கும். அந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே இந்த மாதத்தைச் செலவிடலாம்.

4. மேகத்தின் அடிப்பகுதியைக் கணக்கிடுங்கள்

பனிப்புள்ளி கையில் வந்தவுடன் மேகத்தைக் கணக்காகவே பார்க்கலாம். தரையிலிருந்து எழும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். அது தன் பனிப்புள்ளியைத் தொடும் உயரத்தில் துளிகள் பிறக்கும். வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்குங்கள். அதுதான் திரள் மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பதற்கான தோராய விடை. வெப்பநிலை 32, பனிப்புள்ளி 24 என்றால் 8 பெருக்கல் 125, அதாவது 1,000 மீட்டர். வெள்ளைப் பஞ்சு போன்ற மேகங்கள் எல்லாம் அடியில் ஒரே மட்டத்தில் வெட்டி வைத்தது போலத் தட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மட்டம்தான் இது.

அந்த மட்டத்துக்கு மேலே போனதும் கதை மாறுகிறது. துளியாகும் ஆவி வெப்பத்தை இறக்கிவைப்பதால், எழும் காற்று முன்போல வேகமாகக் குளிர்வதில்லை. கிலோமீட்டருக்கு 10 டிகிரிக்குப் பதில் 5, 6 டிகிரிதான் இறங்குகிறது. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால் இன்னும் மேலே எழுகிறது. இன்னும் ஆவி துளியாகிறது, இன்னும் வெப்பம். அடுப்பில் கொதித்த தண்ணீர் விழுங்கிய அந்த ஏழு மடங்கு வெப்பம் இங்கேதான் வெளியே வருகிறது. பூக்கோசு போல மேகத் தலை பொங்கிப் பொங்கி உயர்ந்தால், உள்ளே இந்த இயந்திரம் ஓடுகிறது என்று பொருள்.

மேக வகைகளுக்கு இன்று நாம் பயன்படுத்தும் பெயர்களின் அடித்தளத்தை லூக் ஹோவர்ட் என்ற மருந்து தயாரிப்பாளர் 1802-இல் லண்டனில் ஆற்றிய உரை ஒன்றில் போட்டார். தொடக்கத்தில் நான்கு பெயர் தெரிந்தால் போதும்: உயரத்தில் இறகு போல இருக்கும் கீற்று மேகம், போர்வை போல விரியும் படை மேகம், பஞ்சு போன்ற திரள் மேகம், இடியோடு கொட்டும் கார்திரள் மேகம். மற்ற துணை வகைகளை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். சுத்தமான காற்றில் ஆவி எளிதில் துளியாகாது, ஒட்டிக்கொள்ள ஏதாவது துகள் வேண்டும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளி காய்ந்து மிஞ்சும் உப்பு அதற்கு மிகவும் ஏற்றது. கடல் நீரை மட்டும் அனுப்பவில்லை, துளி பிறக்க விதையையும் சேர்த்தே அனுப்புகிறது.

5. ஒரு நாள் முழுக்கக் கடற்காற்றைக் கவனியுங்கள்

கடலோ பெரிய ஏரியோ பக்கத்தில் இருந்தால் ஒரு தெளிந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். காலையிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் காற்றின் திசையையும் வெப்பநிலையையும் எழுதுங்கள். முற்பகல் முடியும் வேளையில் காற்று தடுமாறி, திசை மாறி, நீர்ப்பக்கத்திலிருந்து வீசத் தொடங்கும். அந்த நேரத்தில் வெப்பநிலை ஏறுவது நின்று போகும், பனிப்புள்ளி உயரும்.

காரணம் எளிது. வெயில் பட்ட நிலத்தின் சூடு ஒரே பகலில் பதினைந்து, இருபது டிகிரிகூட ஏறும். கடலின் மேற்பரப்பு வழக்கமாக ஒரு டிகிரிகூட மாறாது. நீரைச் சூடாக்க நிறைய வெப்பம் வேண்டும், ஒளி ஆழம் வரை இறங்குகிறது, அலை கலக்கி விடுகிறது, ஆவியாதல் குளிர்விக்கிறது. நிலத்தின் மேல் காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிட, காற்று மெல்லக் கடலை நோக்கித் திரும்பும்.

கடற்காற்றின் முன்விளிம்பில் பெரும்பாலும் திரள் மேகங்கள் கோடு போட்டது போல நிற்கும். இரண்டு பக்கமிருந்தும் கடற்காற்று வந்து நடுவில் முட்டிக்கொண்டால் நேரே மேலே எழுவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே உள்ள டிவி தீவுகளில், செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏறத்தாழ தினமும் பிற்பகலில் ஒரு பிரம்மாண்டமான இடிமேகம் இப்படித்தான் எழுகிறது. மாலுமிகளும் விமானிகளும் வழிகாட்டியாகக் கொள்ளும் அளவுக்கு அது நேரம் தவறாததால், அதற்கு ஹெக்டர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேகம் வளர்வதைப் பார்த்துக்கொண்டே வெளியில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. குறிப்பை அப்புறம் எழுதலாம், உடனே உள்ளே போய்விடுங்கள்.

பருவக்காற்றைப் பெரிய அளவிலான கடற்காற்று என்று சொல்வார்கள். அது முழு விளக்கம் அல்ல. பூமியின் சுழற்சியும் மலைகளும் மேல்மட்டக் காற்றும் அதில் சேர்கின்றன. ஆனாலும் தொடங்குகிறவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள அது போதும்.

6. கடலின் சூட்டு வரைபடத்தைப் படியுங்கள்

இதுவரை உங்கள் தலைக்கு மேல் இருப்பதைப் பார்த்தீர்கள். இனி பார்வையைக் கடலுக்குக் கொண்டுபோகலாம். கடல் மேற்பரப்பு வெப்பநிலை வரைபடங்களை அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா (NOAA) தினமும் இலவசமாக வெளியிடுகிறது. வாரம் ஒரு முறை பார்த்தால் போதும், கடல் அவசரப்படாது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உண்மையான வெப்பநிலையைக் காட்டும். மற்றொன்று வழக்கமான சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும். எது எது என்று தெரியாமல் பார்த்தால் பெரிய குழப்பம் வரும். விலகல் வரைபடத்தில் அடர் சிவப்பாக இருக்கும் இடம் சூடான கடல் என்று பொருள் இல்லை. வழக்கமாக 14 டிகிரி இருக்கும் கடல் 16 ஆனாலும் அது சிவப்பாகத் தெரியும், ஆனால் அங்கே வெப்பமண்டலப் புயல் பிறக்காது. வழக்கமாக 29 டிகிரி இருக்கும் கடல் அரை டிகிரி கூடினால் வரைபடத்தில் வெளிர் நிறம்தான், ஆனால் வானிலைக்கு அது பெரிய செய்தி. காற்றின் கொள்ளளவு சூட்டோடு வேகமாக ஏறுகிறது என்பதைப் பனிப்புள்ளிப் பகுதியில் பார்த்தோமே, அதே காரணம். எப்போதும் உண்மை வெப்பநிலையை முதலில் பாருங்கள், விலகலை அடுத்துப் பாருங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய எண் 26.5 டிகிரி. வெப்பமண்டலப் புயல் உருவாகக் கடல் குறைந்தது அந்த அளவு சூடாக இருக்க வேண்டும், அதுவும் மேற்பரப்பில் மட்டுமல்ல, சுமார் 50 மீட்டர் ஆழம் வரைக்கும். ஆழம் ஏன் முக்கியம்? புயல் தன் காற்றால் கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகிறது. சூடான நீர் மெல்லிய ஏடாக மட்டும் இருந்தால், ஒரே இடத்தில் நகராமல் நிற்கும் புயல் தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். கரை ஏறியதும் புயல் தளர்வதற்கும் முதன்மையான காரணம் ஆவி வரத்து நின்றுபோவதுதான். சூடான கடல் இருந்தாலே புயல் வந்துவிடும் என்றும் இல்லை. மேலும் கீழும் காற்றின் வேகம் அதிகம் மாறுபடாமல் இருக்க வேண்டும், நடுமட்டக் காற்றில் ஈரம் வேண்டும், நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 5 டிகிரியாவது தள்ளி இருக்க வேண்டும். சூட்டு வரைபடத்தை மட்டும் பார்த்துப் புயல் எச்சரிக்கையைப் பரப்பாதீர்கள். அதற்கு உங்கள் நாட்டு வானிலைத் துறையின் அறிவிப்பு மட்டுமே ஆதாரம்.

கடல் பக்கத்தில் இருந்தாலே மழை கிடைக்கும் என்ற எண்ணத்தையும் இந்த வரைபடம் கலைத்துவிடும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பாருங்கள். ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைத் தெற்கிலிருந்து கொண்டுவருகிறது. அதன் கரையிலேயே உலகின் மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்றான அட்டகாமா கிடக்கிறது. ஆப்பிரிக்காவில் பெங்குவேலா நீரோட்டமும் நமீப் பாலைவனமும் இதே ஜோடி. குளிர்ந்த கடல் மேல் உள்ள காற்று கனமாகக் கீழேயே படிந்துகிடக்கும். ஏற்கெனவே மேலிருந்து காற்று இறங்கும் பகுதி என்பதால் அந்த மூடி இன்னும் இறுகும். கிடைப்பது மூடுபனி மட்டும். அட்டகாமாவில் அதைக் கமன்சாக்கா என்கிறார்கள், வலை கட்டி அதிலிருந்து நீர் பிடிக்கிறார்கள். கண்ணெதிரே பெருங்கடல் இருந்தும் வலையால் நீர் வடிக்க வேண்டிய நிலை!

கடலின் நிதானத்தை உணர இரண்டு நகரங்களை ஒப்பிட்டால் போதும். சைபீரியாவின் யாகுட்ஸ்க், ஃபாரோ தீவுகளின் தலைநகர் டோர்ஷவ்ன், இரண்டும் 62 டிகிரி வட அட்சக்கோட்டில் இருக்கின்றன. வருடம் முழுக்க இரண்டிலும் வெயில் விழும் கோணம் ஒன்றே. யாகுட்ஸ்கில் ஜனவரி சராசரி மைனஸ் 38 டிகிரியை ஒட்டி, ஜூலையில் 20 அளவில். டோர்ஷவ்னில் ஜனவரியில் 4, ஜூலையில் 11 அளவில். ஒன்றைச் சுற்றிக் கண்டம், மற்றொன்றைச் சுற்றி அட்லாண்டிக். கடலின் மேல் மூன்று மீட்டர் நீரே மொத்தக் காற்றுமண்டலத்துக்கு இணையான வெப்பத்தைத் தாங்கும் என்றால், இந்த வித்தியாசத்தில் வியப்பில்லை.

அடியாழத்துச் சூட்டைச் செயற்கைக்கோள் பார்க்க முடியாது. அதற்கு ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. சுமார் 4,000 மிதவைகள், 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, 10 நாளுக்கு ஒரு முறை மேலே வந்து தகவல் அனுப்புகின்றன.

7. எல் நினோவை அளவாகப் பயன்படுத்துங்கள்

பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் வழக்கமாக வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, சூடான நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கும். குவியலின் பக்கம் கடல் மட்டம் தென் அமெரிக்கப் பக்கத்தைவிட அரை மீட்டர் அளவு உயர்ந்தே இருக்கும். மழை அந்தச் சூடான நீர் மேல் பெய்யும். சில ஆண்டுகளில் காற்று தளர்ந்துவிடும். குவிந்த சூடு கிழக்கே பரவும், மழையும் அதோடு இடம் மாறும். இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் காயும், பெருவின் வறண்ட கரையில் வெள்ளம் வரும். கிறிஸ்துமஸை ஒட்டி இந்தச் சூடு வருவதைக் கண்ட பெரு மீனவர்கள்தான் குழந்தை இயேசுவை நினைத்து எல் நினோ என்று அழைத்தார்கள். எதிர்த் திசையில் நடந்தால் லா நினா.

இந்த இணைப்பு புரிய வெகுகாலம் ஆனது. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகெங்குமுள்ள அளவீடுகளை அலசியபோது, பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் கூடினால் மறுபக்கம் குறையும் ஊசலாட்டத்தைக் கண்டார். அதைக் கடலின் சூட்டோடு சேர்த்துக் கட்டியவர் வானிலையியலாளர் ஜேக்கப் பியர்க்னஸ், 1969-இல். அப்படியும் 1982-83-இல் வந்த வலுவான எல் நினோவை, அது நன்றாக வளரும் வரை யாரும் அடையாளம் காணவில்லை. மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து எழுப்பிய தூசிப் படலம் செயற்கைக்கோள் அளவீடுகளை ஏமாற்றிவிட்டது. அதற்குப் பின்தான் பசிபிக்கில் சுமார் 70 நங்கூர மிதவைகளை வரிசையாக நிறுத்தினார்கள், 1994-இல் அந்த வேலை முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது சிறியது. மாதம் ஒரு முறை நடு பசிபிக்கின் விலகல் எண்ணைப் பாருங்கள். சராசரியைவிட அரை டிகிரிக்கு மேல் கூடிப் பல மாதங்கள் நின்றால் எல் நினோ, சராசரியைவிட அரை டிகிரிக்கு மேல் குறைந்து நின்றால் லா நினா. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இது ஒரு பருவத்தின் சாய்வைச் சொல்லுமே தவிர, அடுத்த வாரம் மழை வருமா என்று சொல்லாது. ஒரு நாள் வெயிலுக்கும் ஒரு நாள் மழைக்கும் எல் நினோவைக் காரணம் காட்டும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே தவிர்ப்பது நல்லது.

8. ஒரு மழையைப் பின்னோக்கித் தொடருங்கள்

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் வேலை. முதலில் ஒரு மழைமானி வேண்டும். பக்கங்கள் நேராக உள்ள எந்தப் பாத்திரமும் சரி, மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் வைத்து, நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் பார்த்தால் மி.மீ. கணக்கு வந்துவிடும்.

நல்ல மழை பெய்த மறுநாள் உட்காருங்கள். காற்று வரைபடம் தரும் தளம் ஒன்றைத் திறந்து, சுமார் 1.5 கி.மீ. உயரத்துக் காற்றைத் தேர்ந்தெடுங்கள். தளத்தில் அந்த உயரத்தைக் காற்றழுத்த அளவில் 850 ஹெக்டோபாஸ்கல் (hPa) என்று போட்டிருக்கும். தரையின் உராய்வு அங்கே தொந்தரவு செய்யாது, ஈரத்தின் பெரும்பகுதியும் அந்த உயரத்துக்குக் கீழும் அதை ஒட்டியும்தான் பயணிக்கிறது. மழை பெய்த நேரத்தில் உங்கள் இடத்துக்கு மேல் காற்று எங்கிருந்து வந்தது, என்ன வேகம் என்று பாருங்கள். மணிக்கு 36 கி.மீ. என்றால் ஒரு நாளில் 860 கி.மீ. வரைபடத்தில் அவ்வளவு தூரம் பின்னால் போய்ப் புள்ளி வையுங்கள். தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளி, அந்தப் புள்ளியில் காற்று எங்கிருந்து வந்தது என்று மறுபடியும் பாருங்கள். இப்படியே ஏழெட்டு நாள் போகலாம். காற்றில் நீர் தங்கும் சராசரி 9 நாள் என்பதால் அதற்கு மேல் போவதில் பலன் குறைவு.

கோடு கடலைத் தொடும் இடத்தில் நிறுத்தி, சூட்டு வரைபடத்தில் அந்தக் கடலின் வெப்பநிலையைப் பாருங்கள். அன்றைக்கு அங்கே காற்றின் வேகம் என்ன, காற்று வறண்டதா ஈரமானதா என்றும் பாருங்கள். தட்டுச் சோதனையில் பார்த்த அதே மூன்று விஷயங்கள். நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை எழுதி, பக்கத்திலேயே உங்கள் மழைமானியின் மி.மீ. கணக்கையும் அன்றைய பனிப்புள்ளியையும் எழுதுங்கள். இது தோராயமான வழிதான். வழியில் காற்று மேலே எழும், இறங்கும், ஈரம் கூடும், குறையும். ஆராய்ச்சியாளர்கள் இதே வேலையைக் கணினியில் ஆயிரக்கணக்கான பாதைகளை வைத்துச் செய்கிறார்கள். ஆனாலும் ஐந்தாறு மழைகளைக் கையால் தொடர்ந்து பார்த்த பிறகு, முன்னறிவிப்பில் காற்றின் திசை மாறுகிறது என்று ஒரு வரி வந்தாலே உங்கள் கண் தானாக வரைபடத்தில் கடலைத் தேடும்.

சில சமயம் கோடு கடலை எட்டாமல் நிலத்தின் மேலேயே சுற்றிச் சுற்றி நிற்கும். குழம்ப வேண்டாம். அந்த நிலப்பகுதியில் முந்தைய வாரம் மழை பெய்ததா, காடு இருக்கிறதா என்று பாருங்கள். மரங்கள் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாகக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. அமேசான் காட்டில் அட்லாண்டிக்கிலிருந்து வந்த நீர் இப்படிப் பல முறை பெய்து, எழுந்து, மறுபடி பெய்து உள்நாட்டுக்கு நகர்கிறது. உங்கள் மழையும் அப்படி ஒரு இடத்தில் இறங்கி ஏறி வந்திருக்கலாம். அந்த முந்தைய மழையின் தேதியைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து இன்னொரு வாரம் பின்னால் போங்கள்.